வாரம் ஒரு நாடகம்: பி.பி.சி. வளர்த்த பாணிகளும் அவற்றின் தரமும்

1964 அக்டோபர் தொடங்கி 1984 ஆகஸ்ட் வரை, பி.பி.சி.யின் முதல் அலைவரிசையில் பருவத்துக்குப் பருவம், வாரம் ஒரு நாடகம் வந்துகொண்டிருந்தது. போன வாரக் கதைக்கும் இந்த வாரக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுதியவர் வேறு, எடுத்தவர் வேறு, ஊர் வேறு. ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். அடுத்த வாரம் அந்தப் பாத்திரங்கள் வரமாட்டார்கள். முதல் ஆறு ஆண்டுகள் இந்த வரிசைக்கு 'த வெட்னெஸ்டே ப்ளே' என்று பெயர். 1970-இல் புதன்கிழமையை விட்டு நகர்ந்ததும் பெயர் 'ப்ளே ஃபார் டுடே' ஆயிற்று. முன்னதில் ஏறத்தாழ 170 நாடகங்கள், பின்னதில் ஏறத்தாழ 300.

நம் திரைப்படச் சங்கங்களுக்கு கென் லோச், மைக் லீ, ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் ஆகிய பெயர்கள் புதியவை அல்ல. ஆனால் அவர்களைத் திரையரங்குப் படங்களின் வழியாகவே அறிந்திருக்கிறோம். மைக் லீயின் முதல் திரையரங்குப் படம் 1971-இல் வந்தது, இரண்டாவது 1988-இல். இடையில் பதினேழு ஆண்டுகள் அவர் சும்மா இருக்கவில்லை, தொலைக்காட்சிக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்கப் பணம் வெளியேறி பிரிட்டிஷ் சினிமா தரைதட்டிக் கிடந்த எழுபதுகளில், அந்த நாட்டின் நல்ல சினிமா வரவேற்பறைப் பெட்டிக்குள்தான் உயிரோடு இருந்தது. அதற்கான பணம் ஒவ்வொரு வீடும் கட்டிய உரிமக் கட்டணத்திலிருந்து வந்தது.

இந்த மரபில் பல பாணிகள் உண்டு. அவற்றைப் பிரித்தது பெரும்பாலும் கருவிதான்: ஸ்டுடியோவின் மின்னணுக் காமிராவா, தோளில் தூக்கும் 16 எம்.எம். பிலிம் காமிராவா என்பது. ஆனால் தரத்தைக் காத்தது கருவி அல்ல; நிர்வாக ஏற்பாடு. கலைக் கட்டுரையில் நிர்வாகத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பொது ஒளிபரப்பில் கலை பிழைப்பதும் சாவதும் அங்கேதான் என்பது என் எண்ணம்.

பி.பி.சி.யின் தொலைக்காட்சி நாடகம் பழையது. 1930 ஜூலையில், ஜான் லோகி பேர்டின் சோதனைக் கருவியின் வழியாகவே பிரான்டெல்லோவின் ஒரு குறுநாடகத்தை ஒளிபரப்பியிருக்கிறார்கள். 1936 நவம்பரில் முறையான சேவை தொடங்கிய பின்னும், போர் முடிந்து 1946-இல் மீண்டும் தொடங்கிய பின்னும், நாடகம் என்றால் நேரடி ஒளிபரப்புதான். பதிவு செய்வது அரிது. ஞாயிற்றுக்கிழமை நடித்ததை மறு ஒளிபரப்புச் செய்ய வேண்டுமென்றால் வியாழக்கிழமை அதே நடிகர்கள் மறுபடி வந்து முதலிலிருந்து நடிக்க வேண்டும். 1954 டிசம்பர் 12 அன்று ருடால்ஃப் கார்ட்டியர் இயக்கிய 'நைன்டீன் எய்ட்டி-ஃபோர்' அப்படித்தான் போயிற்று. ஆர்வெல்லின் நாவலை நைஜல் நீல் நாடகமாக்கியிருந்தார், பீட்டர் குஷிங் நடித்திருந்தார். சித்திரவதைக் காட்சிகளால் பெரும் கூச்சல் எழுந்து, நாடாளுமன்றத்தில் தீர்மானம் வரை போனது. அப்படியும் வியாழக்கிழமை இரண்டாம் முறை நடித்தார்கள். இன்று நாம் பார்க்கக் கிடைப்பது அந்த வியாழக்கிழமைப் பிரதி. கூச்சலுக்குப் பணியாத அந்த முடிவை இந்த மரபின் முதல் மைல்கல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் ஐம்பதுகளின் பி.பி.சி. நாடகத்தில் பெரும்பகுதி மேடையில் வென்ற நாடகங்களை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்து வைத்ததுதான். அதைக் கலைத்தவர் கனடாவிலிருந்து வந்த சிட்னி நியூமன். 1955-இல் தொடங்கிய வணிக அலைவரிசையான ஐ.டி.வி.யில், 'ஆர்ம்சேர் தியேட்டர்' என்ற ஞாயிற்றுக்கிழமை வரிசையை 1958 முதல் அவர் நடத்தினார். சமையற்கட்டு, தொழிற்சாலை, வாடகை அறை என்று இன்றைய இங்கிலாந்தின் கதையை, தொலைக்காட்சிக்கென்றே எழுதித் தரச் சொன்னார். அந்த வரிசையில் 1958 நவம்பர் 30 அன்று ஒரு நேரடி ஒளிபரப்பின் நடுவே, கேரத் ஜோன்ஸ் என்ற நடிகர் இரண்டு காட்சிகளுக்கு இடையில் மாரடைப்பில் இறந்துபோனார். மற்ற நடிகர்கள் அவருடைய வசனத்தைத் தங்களுக்குள் பங்கிட்டு, கதையைத் தைத்து, நாடகத்தை முடித்தார்கள். வீட்டில் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியாது. நேரடி நாடகம் எவ்வளவு பதைபதைப்பான தொழில் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

1963 தொடக்கத்தில் நியூமனை பி.பி.சி. நாடகத் துறைக்குத் தலைவராக அழைத்துக்கொண்டது. அவர் செய்த முக்கியமான காரியங்கள் படைப்புச் சார்ந்தவை அல்ல. துறையைத் தொடர், தொடர்கதை, தனி நாடகம் என மூன்றாகப் பிரித்தார். அதுவரை ஒரே ஆளாக இருந்த தயாரிப்பாளரையும் இயக்குநரையும் இரண்டு பேராக்கினார். தயாரிப்பாளருக்கு அருகே கதை எடிட்டர் என்று ஒருவரை உட்கார வைத்தார். ஊர் ஊராகப் போய் எழுத்தாளரைக் கண்டுபிடித்து, பிரதி வாங்கி வருவது அவர் பொறுப்பு. 'வெட்னெஸ்டே ப்ளே'யின் தலைசிறந்த பருவமான 1965-இல் ஜேம்ஸ் மெக்டாகர்ட் தயாரிப்பாளர். அவருடைய கதை எடிட்டர்களாக இருந்த ரோஜர் ஸ்மித், டோனி கார்னெட் போன்றவர்கள்தான் லண்டன் நாடக உலகம் கேள்விப்பட்டிராத ஆட்களை இழுத்து வந்தார்கள். டென்னிஸ் பாட்டர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். ஜிம் ஆலன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

பாணிகளில் மூத்தது ஸ்டுடியோ பாணி. இன்று இதைக் கேலி செய்வது எளிது: அசையும் தட்டிச் சுவர், மேலிருந்து ஒரே சீராகக் கொட்டும் வெளிச்சம். ஆனால் அந்த வேலைமுறையைச் சற்றுக் கவனித்தால் கேலி அடங்கும். நடிகர்கள் இரண்டு மூன்று வாரம் வெற்று மண்டபத்தில் ஒத்திகை பார்ப்பார்கள். தரையில் நிற நிறமாக ஒட்டிய நாடாதான் சுவர், கதவு, படிக்கட்டு எல்லாம். எழுபதுகளில் வடக்கு ஆக்டனில் இதற்கென்றே பல மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. பிறகு ஸ்டுடியோவில் இரண்டே நாள். நான்கைந்து காமிராக்கள் ஒரே சமயத்தில் உருளும். இயக்குநர் தளத்தில் இருக்கமாட்டார். மேலே கண்ணாடி அறையில் திரைகளின் வரிசைக்கு முன் உட்கார்ந்து, எந்தக் காமிராவின் படம் எந்தச் சொல்லில் மாற வேண்டும் என்று அங்கிருந்தே சொல்வார். இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். அதற்குள் முடியாத காட்சி முடியாததுதான். நடிகர் பத்து நிமிடம் அறுபடாமல் நடித்தாக வேண்டும். எடிட்டிங் அறையில் ஒட்டுப்போட்டு நடிப்பை உண்டாக்கும் வித்தை அங்கே செல்லாது.

ஆகவே ஸ்டுடியோ பாணியின் தரம் இரண்டு இடங்களில் நின்றது: பேச்சும் முகமும். ட்ரெவர் கிரிஃபித்ஸ் எழுதிய 'த்ரூ த நைட்' (1975) மார்பகப் புற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேரும் ஓர் இளம்பெண்ணின் கதை. வார்டை விட்டு அது வெளியே போகத் தேவையே இல்லை. மருத்துவர்கள் அவளைத் தாண்டி, அவள் தலைக்கு மேலே பேசிக்கொள்ளும் விதம் போதும். மைக் லீயின் 'அபிகெய்ல்ஸ் பார்ட்டி'யும் (1977) ஸ்டுடியோ நாடகமே. ஒரே வரவேற்பறை, ஐந்து பேர், மது, அநாகரிகமான உபசாரம். மேடையில் ஓடிக்கொண்டிருந்ததை அவசரமாக உள்ளே கொண்டுவந்து பதிவு செய்தார்கள். படமாக அது அழகில்லை என்று லீயே குறைப்பட்டிருக்கிறார். இருக்கட்டும். அந்த அறையின் மூச்சுமுட்டல்தான் அதன் கதை, அதை ஸ்டுடியோ இலவசமாகக் கொடுத்தது என்பேன்.

இதற்கு எதிராகக் கிளம்பியது தெருப் பாணி. செய்தியாளர்களும் ஆவணப்படக்காரர்களும் வைத்திருந்த இலகுவான 16 எம்.எம். காமிராவை நாடகத்துக்கு எடுத்துக்கொள்வோம் என்றார்கள் டோனி கார்னெட்டும் கென் லோச்சும். பி.பி.சி.யில் இது கருவிப் பிரச்சினை மட்டும் அல்ல. ஸ்டுடியோக்கள் ஏராளமான செலவில் கட்டப்பட்டிருந்தன, அவை காலியாகக் கிடக்கக் கூடாது. தொழிற்சங்க ஒப்பந்தங்கள் வேறு. பிலிமுக்கு ஆண்டுக்கு இத்தனை நாடகம் என்று ஒதுக்கீடு இருந்தது. அதற்காகத் தயாரிப்பாளர்கள் முட்டிமோதினார்கள். நெல் டன்னின் கதைகளிலிருந்து எடுத்த 'அப் த ஜங்ஷன்' (நவம்பர் 3, 1965) பாதித் தெருவிலும் பாதி ஸ்டுடியோவிலும் உருவானது. லண்டனின் பேட்டர்சீ பகுதித் தொழிற்சாலைப் பெண்களின் கதை அது. அதில் ஒரு பெண் கள்ளத்தனமாகக் கருக்கலைப்புச் செய்துகொண்டு கதறுகிறாள். நடுவே ஒரு மருத்துவரின் குரல் நிஜமான புள்ளிவிவரம் சொல்கிறது. கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் 1967-இல்தான் வந்தது என்பதை நினைவில் வைத்து அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டு நவம்பர் 16 அன்று 'கேத்தி கம் ஹோம்'. ஜெரமி சாண்ட்ஃபோர்ட் எழுத்து, டோனி ஐமி ஒளிப்பதிவு, கேரல் வைட் கேத்தி. ஊரிலிருந்து லண்டனுக்கு வந்து காதலித்து மணந்த ஒரு பெண், கணவனுக்கு விபத்து நேர்ந்ததும் வீடு மாற்றி வீடு இறங்குகிறாள். கடைசியில் வீடற்றோர் விடுதியில் கணவனைப் பிரிந்து, ரயில் நிலையத்தில் குழந்தைகளையும் அதிகாரிகளிடம் பறிகொடுக்கிறாள். ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில், டிசம்பர் 1 அன்று, வீடற்றோருக்கான 'ஷெல்டர்' அமைப்பு தொடங்கியது. படம்தான் அந்த அமைப்பைப் பெற்றெடுத்தது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை, அமைப்பு முன்னமே திட்டமிடப்பட்டிருந்தது. படத்தால் அதற்கு நாடே காதுகொடுத்தது என்பது சரி. வீட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை என்பதை லோச் பிற்காலத்தில் ஓயாமல் சொல்லிவந்தார்.

'கேத்தி'யின் தாக்கத்தை விட அது கிளப்பிய சச்சரவு இந்த மரபுக்கு முக்கியம். நடிகர்களும் நிஜ மனிதர்களும் ஒரே சட்டகத்தில் நிற்கிறார்கள். காமிரா செய்திப்படம் போல ஆடுகிறது. பார்ப்பவனுக்கு எது உண்மை, எது கதை என்று எப்படித் தெரியும்? பி.பி.சி.யில் நடப்பு விவகாரப் பிரிவை வளர்த்த கிரேஸ் விண்டம் கோல்டி இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். லோச் தரப்பின் பதில்: தெளிவான வெளிச்சத்தில் அழகாக நடித்துக் காட்டும் பொய்யை யாரும் கேள்வி கேட்பதில்லையே! இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் லோச்சின் வேலைமுறையைக் கவனித்தால் 'செய்திப்படப் பாவனை' என்ற குற்றச்சாட்டு பாதிதான் பொருந்தும். கதை வரிசைப்படியே படமெடுப்பார். முழுப் பிரதியை நடிகர் கையில் கொடுக்கமாட்டார். அடுத்து வரும் அதிர்ச்சி நடிகருக்கும் அதிர்ச்சியாகவே இருக்கும். நடிப்பிலிருந்து முன்னறிவை எடுத்துவிடுவதே அந்தப் பாணியின் உயிர். காமிரா ஆட்டம் மேல்பூச்சு. பின்னால் வந்த போலிகள் மேல்பூச்சை மட்டும் கற்றுக்கொண்டன. அதே வழியில் ஜிம் ஆலன் எழுதி லோச் எடுத்த 'த பிக் ஃப்ளேம்' (1969), லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்கள் துறைமுகத்தைத் தாங்களே எடுத்து நடத்துவதாகக் கற்பனை செய்தது. காலின் வெலண்டின் 'லீட்ஸ் யுனைட்டட்!' (1974), கால்பந்துக் குழுவின் பெயரை வைத்துக்கொண்டு, தையல் தொழிற்சாலைப் பெண்களின் நிஜ வேலைநிறுத்தத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டியது.

மூன்றாவது பாணி இந்த இரண்டையுமே மறுத்தது. 1964-இல் ட்ராய் கென்னடி மார்ட்டின் 'என்கோர்' என்ற நாடக இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதைப் பேசுகிற நேரத்துக்கே காட்டிக்கொண்டிருப்பது தொலைக்காட்சி ஆகாது, மேடையின் எச்சில் என்று சாடினார். கதை சொல்லியின் குரல், நிழற்படம், பாட்டு, காலத்தை வெட்டித் தாவுதல் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளச் சொன்னார். அவருடைய சோதனைத் தொடரில் சில பகுதிகளை இயக்கியவர் லோச் என்பது ஒரு வேடிக்கை. 'அப் த ஜங்ஷன்' வெட்டுகளில் இந்தப் பாடம் தெரிகிறது. ஜான் மெக்ராத்தின் நாடகக் குழு ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஊர்களில் நடத்திய ஆடல்பாடல் நாடகம் ஒன்றை 1974-இல் 'ப்ளே ஃபார் டுடே'வுக்காக ஜான் மெக்கன்சி படமாக்கினார். ஆட்டுக்காக நிலத்தை விட்டு விரட்டப்பட்ட குடியானவர்களில் தொடங்கி வட கடல் எண்ணெய் வரை போகும் கதை. நாடகத்தைப் பார்க்கும் ஊர் மக்களின் முகங்களும், வரலாற்றுக் காட்சிகளும், எண்ணெய்த் தொழிலாளர்களின் நேர்காணலும் அதில் கலந்து வரும். தெருக்கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் படம் விளங்கும் வேகத்தில் லண்டன் விமர்சகனுக்கு விளங்கியிருக்காது.

இந்தப் பாணியின் பெரிய பெயர் டென்னிஸ் பாட்டர். அவருடைய நைஜல் பார்ட்டன் நாடகங்கள் (1965) சுரங்க ஊரிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய், இரண்டு இடத்திலும் ஒட்டாமல் தவிக்கும் ஒருவனைப் பற்றியவை. அதில் வகுப்பறைக் காட்சிகளில் வளர்ந்த நடிகர்களே சிறுவர்களாக வருவார்கள். அந்த உத்தி முழு வடிவம் பெற்றது 'ப்ளூ ரிமெம்பர்டு ஹில்ஸ்' (1979) படத்தில். 1943 கோடை, ஏழு குழந்தைகள், ஒரு பகல். எல்லாக் குழந்தைகளுக்கும் பெரியவர்களே நடிகர்கள். முதல் சில நிமிடம் சிரிப்பு வரும். பிறகு ஹெலன் மிர்ரன் நடித்த சிறுமியின் கால்சட்டைக்கார நண்பர்கள் ஒருவனைத் துரத்திக் கொடுமைப்படுத்தத் தொடங்கும்போது, குழந்தை நடிகர்களாக இருந்திருந்தால் நாம் 'விளையாட்டு' என்று மன்னித்திருப்போம் என்பது உறைக்கும்.

பர்மிங்ஹாமை ஒரு பாணி என்பதா, பள்ளி என்பதா? 1971-இல் அங்கே பெபிள் மில் வளாகம் திறந்தது. லண்டனுக்கு வெளியே நாடகம் வளர வேண்டும் என்று ஒரு பிரிவை அமைத்து டேவிட் ரோஸ் கையில் கொடுத்தார்கள். அவரிடம் ஒரே கொள்கை: எழுத்தாளர் தம் ஊரைப் பற்றி எழுத வேண்டும். மைக் லீயின் 'நட்ஸ் இன் மே' அங்கிருந்து வந்தது. பர்மிங்ஹாமின் தெற்காசிய மக்களின் வாழ்வைத் தாரா பிரேம் நாடகமாக எழுதி ஒளிபரப்பானதும் 1973-இல் அங்கிருந்துதான். நம்மவர்கள் கடைக்காரராகத் தலைகாட்டிவிட்டு மறையும் காலம் அது. ஆனால் அந்தப் பள்ளியின் உச்சம் 'பென்டாஸ் ஃபென்' (1974). டேவிட் ருட்கின் எழுத்து, ஆலன் கிளார்க் இயக்கம். மால்வெர்ன் மலையடிவாரத்தில் பாதிரியார் வீட்டுப் பையன் ஒருவன் தேசபக்தி, கிறித்தவம், ஆண்மை எல்லாவற்றிலும் கெட்டியான நம்பிக்கையோடு இருக்கிறான்; ஒவ்வொன்றாக உதிர்கிறது. இசையமைப்பாளர் எல்கரின் ஆவி வருகிறது, பழைய பாகன் அரசன் பென்டா வருகிறான். எல்லாம் செய்தி முடிந்த கையோடு, நாடு முழுவதும் இரண்டு மூன்று அலைவரிசை மட்டுமே இருந்த நாளில். அதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு வாழ்நாள் முழுக்க மறக்காதவர்கள் இங்கிலாந்தில் பலர்.

மைக் லீயின் முறை தனி. பிரதியே இல்லாமல் தொடங்குவார். வாரக்கணக்கில் நடிகர்களோடு பாத்திரங்களை வளர்த்து, அதன் பிறகே கதையைக் கட்டுவார். தலைப்பும் கதைச் சுருக்கமும் இல்லாத ஒருவருக்கு நிறுவனம் பணம் ஒதுக்கியிருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ஆலன் பென்னட்டும் ஃப்ரியர்ஸும் சேர்ந்து எடுத்த அமைதியான வட இங்கிலாந்துப் படங்களையும், கிளாஸ்கோவின் மதச் சண்டையை அந்த ஊர்க் கொச்சையிலேயே எழுதிய பீட்டர் மெக்டூகலையும் பெயர் சொல்லிக் கடந்துபோக வேண்டியிருக்கிறது. தனிக் கட்டுரைக்குரியவர்கள்.

ஆலன் கிளார்க்கை அப்படிக் கடக்க முடியாது. ஸ்டுடியோவில் தேர்ந்தவர், பிலிமில் தேர்ந்தவர், எழுத்தாளருக்கு அடங்கிய இயக்குநர் என்று பெயரெடுத்தவர். எண்பதுகளில் அவர் படங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார். 'எலிஃபென்ட்' (1989) வட அயர்லாந்து பி.பி.சி. தயாரிப்பு, தயாரிப்பாளர் பின்னாளில் புகழ்பெற்ற டேனி பாய்ல். 39 நிமிடம், பதினெட்டுக் கொலைகள். ஒருவன் நடந்து போகிறான், ஸ்டெடிகேம் பின்தொடர்கிறது, சுடுகிறான், திரும்பி நடக்கிறான். காரணம் இல்லை, பெயர் இல்லை, பேச்சு ஏறக்குறைய இல்லை. பிணத்தின் மீது காமிரா சற்று நேரம் நின்றுவிட்டு அடுத்ததுக்குப் போகிறது. அந்த நாட்டில் தினமும் செய்தியில் 'மேலும் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்' என்று கேட்டுப் பழகிப்போயிருந்தது. விளக்கத்தைப் பிடுங்கிப்போட்டதும் பழக்கம் கலைந்தது. எழுத்தாளரின் மரபு என்று பெயர்பெற்ற இந்த மரபு சொல் ஏறக்குறைய இல்லாத படத்தில் போய் நிற்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் அதன் சிகரம். 2003-இல் கஸ் வான் சான்ட் தம் பள்ளிக்கூடப் படத்துக்கு இதே பெயரை வைத்தது இதற்குச் செய்த மரியாதை.

இனி தரம். நல்ல நாடகம் எது என்று பி.பி.சி. விதிப்புத்தகம் எதையும் அச்சிட்டு வைத்திருக்கவில்லை. நடைமுறை இதுதான்: தயாரிப்பாளருக்குப் பருவத்துக்கு இத்தனை நாடகம் என்று கொடுக்கப்படும். எதை எடுப்பது, யாரிடம் கொடுப்பது என்பது அவர் முடிவு. சிக்கல் வரும் என்று அவருக்கே தோன்றினால் மேலே கேட்க வேண்டும். தோன்றாவிட்டால் கேட்க வேண்டாம். கேட்காமல் விட்டுச் சிக்கல் வந்தால் தலை அவருடையது. ஒவ்வொரு பிரதியும் மேலே போய்க் கையெழுத்து வாங்கி வரும் முறையை விட இது கடினமான ஒழுக்கம். நடுநிலைக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: ஒவ்வொரு நாடகமும் தனக்குள் சமநிலை காட்ட வேண்டியதில்லை, காலப்போக்கில் பல நாடகங்களுக்கிடையே அது அமைந்தால் போதும். இந்த ஒரு விளக்கம் இல்லையென்றால் ஜிம் ஆலன் ஒரு வரி எழுதியிருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்கும் உரிமை. இந்த வாரம் நாடகம் படுத்துவிட்டதா? அடுத்த வாரம் வேறொன்று. 300-இல் சோர்வான நாடகங்கள் நிறைய உண்டு, பிரசங்கங்களும் உண்டு. அவற்றைச் சகித்துக்கொண்டதால்தான் மற்றவை கிடைத்தன.

மேலே கேட்டவர்கள் சில முறை கெட்ட பதிலும் பெற்றார்கள். நாடகத் துறைக்கு வெளியே, ஆவணப்படப் பிரிவில் பீட்டர் வாட்கின்ஸ் எடுத்த 'த வார் கேம்' அணுகுண்டு விழுந்த இங்கிலாந்தைக் காட்டியது; 1965-இல் தடுக்கப்பட்டது, திரையரங்கில் ஓடி ஆஸ்கர் வாங்கியது, தொலைக்காட்சிக்கு வந்தது 1985-இல். பாட்டரின் 'பிரிம்ஸ்டோன் அண்ட் ட்ரீக்கிள்' 1976-இல் ஒளிபரப்புக்குச் சில நாள் முன் நிறுத்தப்பட்டு 1987-இல் வந்தது. கிளார்க்கின் 'ஸ்கம்', சிறார் சீர்திருத்தச் சிறையின் வன்முறையைக் காட்டியதற்காக 1977-இல் முடக்கப்பட்டது. 1991-இல் ஒளிபரப்பானபோது கிளார்க் உயிரோடு இல்லை. வட அயர்லாந்து நீதிமன்றங்களைப் பற்றிய 'த லீஜன் ஹால் பாம்பிங்' (1978) வெட்டப்பட்டதால் கேரில் சர்ச்சிலும் ரோலண்ட் ஜாஃபேயும் தங்கள் பெயரையே எடுத்துவிடச் சொன்னார்கள். சுதந்திரத்தின் எல்லை எங்கே இருந்தது என்பதற்கு இவையே வரைபடம்: அணு, அயர்லாந்து, அரசுச் சிறை, உடல்.

வேறு குறைகளும் உண்டு. எழுத்தாளர்களில் பெண்கள் மிகக் குறைவு. கறுப்பின இயக்குநர் என்று தேடினால் 'எ ஹோல் இன் பாபிலன்' (1979) எடுத்த ஹோரஸ் ஓவே போன்ற ஓரிருவர். ஸ்டீவ் மெக்வீன் 2020-இல் பி.பி.சி.க்காக எடுத்த 'ஸ்மால் ஆக்ஸ்' படங்கள் ஐந்தும் இந்தக் கடனைத் தாமதமாகத் தீர்த்தவை. பாதுகாப்பிலும் பெரும் அலட்சியம். இரண்டு அங்குல வீடியோ நாடா விலை உயர்ந்தது என்று, ஒளிபரப்பானதும் அழித்து அதன் மேலேயே வேறு எதையாவது பதிந்தார்கள். பாட்டரின் சில நாடகங்கள் உட்பட, 'வெட்னெஸ்டே ப்ளே'யில் பல இன்று இல்லை. பிலிமில் எடுத்தவையே அதிகம் பிழைத்தன. அதனாலேயே வரலாறு தெருப் பாணியை உயர்த்தியும் ஸ்டுடியோவைத் தாழ்த்தியும் எழுதப்பட்டுவிட்டது என்ற ஐயம் எனக்கு உண்டு.

வரிசை எப்படி முடிந்தது? யாரும் தடை செய்யவில்லை. தனி நாடகத்துக்குச் செலவு அதிகம். ஒவ்வொரு வாரமும் புது அரங்கு, புது நடிகர். தொடர் என்றால் ஒரே அரங்கு ஆறு வாரம் ஓடும், வெளிநாட்டுக்கும் விற்கும். 1982 நவம்பரில் சேனல் 4 தொடங்கியபோது டேவிட் ரோஸ் அங்கே போய்த் திரையரங்கிலும் ஓடக்கூடிய படங்களுக்குப் பணம் கொடுக்கலானார். ஹனிஃப் குரேஷியும் ஃப்ரியர்ஸும் சேர்ந்த 'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' (1985) அதன் வெற்றி. பி.பி.சி.யும் 'ஸ்க்ரீன் டூ' என்று படங்களின் பக்கம் திரும்பியது. நல்ல படங்கள் வந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் படம் என்றதும் ஒவ்வொன்றும் தனித்தனியே பணம் தேட வேண்டும், தனித்தனியே வென்றாக வேண்டும். முப்பது நாடகத்தில் பத்து தோற்கலாம் என்ற கணக்கு அங்கே இல்லை. புது எழுத்தாளர் நுழையும் வாசல் அதோடு அடைபட்டது.

நம் தூர்தர்ஷனும் ஒரு காலத்தில் இந்த வாசலில் நின்றது. சத்யஜித் ராயின் 'சத்கதி' (1981), கோவிந்த் நிஹலானியின் 'தமஸ்' (1988), பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' எல்லாம் அங்கிருந்து வந்தவை. எந்த நாட்டுத் தொலைக்காட்சிக்கும் பெருமை சேர்ப்பவை. ஆனால் அவை ஏற்கெனவே பெயர்பெற்ற கலைஞர்களுக்குக் கொடுத்த வாய்ப்புகள். வாரா வாரம் புது ஆளைத் தேடிப் போகும் கதை எடிட்டரும், தன் பொறுப்பில் ஒளிபரப்பும் தயாரிப்பாளரும் அங்கே உருவாகவில்லை. அதனால் படங்கள் கிடைத்தன, பாணிகள் வளரவில்லை.

நம் திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். லோச்சின், லீயின் திரையரங்குப் படங்களை மறுபடி மறுபடி திரையிடுவதை ஓர் ஆண்டு நிறுத்திவைத்து, இந்தத் தொலைக்காட்சி நாடகங்களில் ஐந்தை வரிசையாகப் போடுங்கள்: 'கேத்தி கம் ஹோம்', 'பென்டாஸ் ஃபென்', 'அபிகெய்ல்ஸ் பார்ட்டி', 'ப்ளூ ரிமெம்பர்டு ஹில்ஸ்', கடைசியில் 'எலிஃபென்ட்'. ஐந்துமே பிழைத்திருக்கின்றன, முறையாக வட்டிலும் வெளிவந்திருக்கின்றன. 'எலிஃபென்ட்' மட்டும் 39 நிமிடம்தான்; அது முடிந்ததும் கூட்டத்தைக் கலைத்துவிடாமல் பேச நேரம் வையுங்கள்.